தாண்டிப் போன கிண்ணம்

ஜூன் 3, திங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று நீங்கள் வந்தபோது நான் முதலில் பார்த்தது உங்கள் கால்களைத்தான். கதவைக் கையால் தட்டிவிட்டு, இரண்டடி பின்னால் போய் நின்றிருந்தீர்கள். முன்பெல்லாம் அந்தக் கால்தான் கதவைத் தட்டும். ஜன்னல் வழியாக அம்மாவும் பார்த்தாள். "பரவால்ல, கதவு பொழச்சுது" என்றாள். உங்களைப் பற்றிப் பேசி அவள் சிரித்து ரொம்ப நாளாகிவிட்டது அப்பா.

குடியை விடுவதற்காக நீங்கள் அந்த இல்லத்துக்குப் போய் ஒரு வருஷம். இனிமேல் வீட்டுக்கே வந்துவிடுவீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் நம் சபைக் கோயிலில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். திருவிருந்தில் அப்பத்தை வாங்கினீர்கள். திராட்சரசக் கிண்ணங்கள் வைத்த தட்டு வந்ததும், தொடாமல் அடுத்தவரிடம் நகர்த்திவிட்டீர்கள். மனசில் குற்றம் வைத்திருக்கிறவர்கள்தான் கிண்ணத்தைத் தாண்டிவிடுவார்கள் என்று நம் சபையில் பேச்சு உண்டு. பின்வரிசை அத்தை அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். நீங்கள் பஸ் ஏறிய பிறகு அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "அவரு அங்கயே இருக்கட்டும்."

நேரில் கேட்க எனக்கு வாய் வராது. மறுபடியும் குடித்தீர்களா அப்பா?

உங்கள் மகள்,
கீச்சு

ஜூன் 8, சனி

என் கீச்சுக்கு,

இல்லை கண்ணு, குடிக்கவில்லை. நீ கேட்டதில் எனக்குக் கோபமில்லை. கேட்காமல் இருந்திருந்தால்தான் வருத்தப்பட்டிருப்பேன்.

இங்கே வந்த புதிதில் ஜெப அறைக்கு வெள்ளையடிக்கச் சொன்னார்கள். பெயிண்டர் என்று பேர்தான். கை நடுங்கி ஓரத்துக் கோடு ஒன்றுகூட நேராக வரவில்லை. இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன், "ஜெபம் பண்ணிட்டு பிரஷ்ஷை எடுங்க" என்றார். எனக்கு ஜெபம் பண்ணத் தெரியுமா? "இயேசப்பா, இந்தக் கோடு நேரா வரணும்" என்று மட்டும் கேட்டேன். அன்றைக்குக் கோடு நேராக வரவில்லை. ஆனால் அன்றைக்குக் குடிக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. அதிலிருந்து தினமும் அதையேதான் கேட்கிறேன். இப்போது கோடும் நேராக வருகிறது.

இங்கே திருவிருந்துக்குக் காய்ச்சிய திராட்சைச் சாறு கொடுப்பார்கள். நம் கோயிலில் இருப்பது புளித்த ரசம். தட்டு பக்கத்தில் வந்ததும் அந்த வாசனை என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது. கர்த்தருக்கு நான் பயப்படவில்லை, அவர் என்னை மன்னித்துவிட்டார். எனக்குத்தான் நான் பயந்தேன். அத்தனை பேர் முன்னால் இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

அம்மா சொன்னது சரிதான். அவளை அவசரப்படுத்தாதே. நான் இங்கே சந்தோஷமாகவே இருக்கிறேன்.

அப்பா

ஜூன் 17, திங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. கோடு கோணலாகப் போன இடத்தில் மட்டும் கத்தி நின்றது. "நம்ம வீட்டுச் செவுத்தையும் அப்படித்தான் அடிச்சு வெச்சிருக்காரு" என்றாள்.

நேற்று திருவிருந்தில் தட்டு என்னிடம் வந்தது. என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. தொடாமல் அம்மாவிடம் நகர்த்திவிட்டேன். எல்லார் கண்ணும் என் முதுகில் குத்துவது போல இருந்தது. அப்புறம் பார்த்தால் அம்மாவும் கிண்ணத்தை எடுக்கவில்லை. தட்டை அப்படியே பின்வரிசை அத்தையிடம் நீட்டினாள்.

ஆராதனை முடிந்ததும் போதகர் வந்தார். "என்னம்மா, அம்மாவும் பொண்ணும் பேசி வெச்சுக்கிட்டீங்களா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"அப்பா குடிக்கல பாஸ்டர். அந்த வாசனைக்குத்தான் பயப்படறாரு."

கீச்சென்றுதான் குரல் வந்தது. ஆனால் முழுசாகச் சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்னதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

போதகர் கையிலிருந்த காலித் தட்டைப் பார்த்தார். "அவரை மேஜைக்குக் கூப்பிட்டுட்டு, கையில இதையா நீட்டியிருக்கேன்?" என்றார். "வர்ற வாரத்துலேர்ந்து காய்ச்சின சாறுதான். எல்லாருக்கும்."

"யாரு காய்ச்சறதாம்?" என்றாள் அத்தை.

"நான்" என்றேன்.

"அடியாத்தே, இதுக்குப் பேச வருதே!"

இன்றைக்கு பேக்கரியில் வேலை முடிந்ததும், ஒரு தடவை காய்ச்சிப் பார்க்கலாம் என்று பெரிய பாத்திரத்தைக் கேட்டு வாங்கி வந்தேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நானாக யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. அம்மா பாத்திரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"உங்கப்பாவுக்கு எழுதறப்ப, ஞாயித்துக்கிழமை பெட்டியோட வரச் சொல்லு" என்றாள். "பிரஷ்ஷும் அதுக்குள்ள இருக்கட்டும். செவுரு அப்படியேதான் இருக்கு."

நான் திராட்சையை அலசி, பாத்திரத்தில் போட்டு, அடுப்பைப் பற்றவைத்தேன்.

உங்கள்
கீச்சு