மூன்றாவது நிமிடம்

2025 செப்ரெம்பர் 14, ஞாயிறு

அச்சுவேலியில் ஒரு பிள்ளை பெரியவளானதற்குச் சாமத்திய வீடு. இசைக்குழு என்ற பெயரில் ஆறு பேர் மேடையில் நின்றோம். பாட்டு முழுக்கக் குழுத் தலைவன் சண்முகநாதனின் மடிக்கணினியில் ஓடியது. என் கிற்றாரின் வயர் ஒன்றிலும் கொழுவப்படவில்லை. "சும்மா விரலை ஆட்டுங்கோ அண்ணை, கமராவுக்கு வடிவாயிருக்கும்" என்றான். ஐம்பத்தொரு வயதில் விரலை ஆட்டிவிட்டுச் சாப்பாட்டுப் பார்சலோடு வீட்டுக்கு வந்திருக்கிறேன். சீ.

புறப்படும்போது நிருஷன் என்றொருவன் வந்தான். லண்டனில் இசைத்தட்டு வெளியிடுகிறவனாம். 1993இல் நான் வாசித்துப் பதிந்த கசெற் அவன் கையில் இருந்தது. "அங்கிள், இது சுத்தமான சைக்கடெலிக் ரொக்!" கேட்கிறவனுக்குத் தலை கிறுகிறுக்க வேண்டுமாம், அதுதான் அந்த இசையாம். கிறுகிறுப்பைப் பற்றி இவன் எனக்குச் சொல்கிறான்! இசைத்தட்டாகப் போடுவானாம், லண்டன் மேடையில் வாசிக்க வைப்பானாம். இந்தமுறை உண்மையாகவே வயரைக் கொழுவி.

ஓம் என்றுவிட்டேன்.

செப்ரெம்பர் 20

மயிலிட்டித் துறைமுகத்தில் படம் பிடித்தார்கள். நல்ல சேட்டும் காற்சட்டையுமாகப் போன என்னைச் சாரம் கட்ட வைத்து, உடைந்த வள்ளமொன்றில் கிற்றாரோடு ஏற்றிவிட்டான் நிருஷன். பக்கத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த நீக்கிலாப்பிள்ளை, "என்ன அருட்செல்வன், உந்தக் கிற்றாரையும் கொண்டே கடலுக்கு?" என்று கேட்டுச் சிரித்தார். அப்பா தொழில் செய்த துறை இது. வேஷம் கட்டி நிற்கிறேன்.

"அந்த நேரம் கஞ்சா ஏதும் அடிச்சனீங்களோ அங்கிள்?"

"ஒரு நேரச் சோறே கிடைக்கேல்லை தம்பி."

இதை அவன் படத்தில் சேர்க்கமாட்டான், பார்.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. மூன்றாவது நிமிடத்தில் கிற்றார் கீச்சிட்டு மேலே மேலே ஏறி, சட்டென்று அறுந்துபோகிறதே, அதை எப்படிச் செய்தீர்கள்?

"அது நான் யோசிச்சுச் செய்தது" என்றேன். கூசாமல் சொன்னேன்.

செப்ரெம்பர் 21

ஏனடா அப்படிச் சொன்னனி?

ஒக்ரோபர் 5

படம் இணையத்தில் வந்துவிட்டது. மூன்றாவது நிமிடத்தில் ஆன்மா பறக்கிறது என்று எவனோ எழுதியிருக்கிறான். அதற்கு ஆயிரம் பேர் இருதயம் போட்டிருக்கிறார்கள்.

எழுதித் தொலைக்கிறேன். 1993இல் சண்டையால் மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து பண்டத்தரிப்பில் இருந்தோம். மின்சாரம் இல்லை, பற்றறிக்கும் தடை. ரேப் ரெக்கோடர் ஓட வேண்டுமென்றால் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி ஒருவர் மிதிக்க வேண்டும். டைனமோவிலிருந்து கரண்ட் வரும். நான் வாசித்தேன், தங்கச்சி பத்மாசினி மிதித்தாள். அவளுக்குப் பதினைந்து வயது. அன்று கந்தசஷ்டி விரதத்தின் ஐந்தாம் நாள். கடலுக்குப் போய்த் திரும்பாத அப்பாவுக்காக வெறும் தண்ணீரோடு இருந்தாள்.

எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஏற்றினேன். மறுநாள் அயல்வீட்டு யாகப்பு அண்ணை கொழும்புக்குப் போகிறார், கசெற்றைக் கொடுத்துவிட்டால் அங்கே ஒரு குழுவில் எனக்கு இடம் கிடைக்கும். "அண்ணை, தலை சுத்துது" என்றாள். "நிப்பாட்டாதை, மிதி!" என்று கத்தினேன்.

அவள் தளரத் தளர ரேப் மெதுவாக ஓடியது. மெதுவாக ஓடிப் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் சத்தம் மேலே ஏறும். வித்தை அவ்வளவுதான். ஆன்மா பறக்கிற அந்த இடத்தில்தான் என் தங்கச்சி சைக்கிளோடு சரிந்தாள். புருவம் பிளந்தது.

நான் முதலில் தூக்கியது ரேப் ரெக்கோடரை.

அந்தக் கசெற்றைக் காட்டித்தான் கொழும்பில் இருபது வருடம் கிற்றார்காரனாக இருந்தேன். பத்மாவுக்கு அதை ஒருநாளும் போட்டுக் காட்டியதில்லை.

ஒக்ரோபர் 11

நிருஷனைத் தொலைபேசியில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவான் என்று நினைத்தேன். துள்ளிக் குதிக்கிறான்!

"அங்கிள், இது இன்னும் சூப்பர்! ஆன்ரியைச் சைக்கிளிலை ஏத்தி ஒரு படம் எடுப்பம். இசைத்தட்டு உறையிலையும் போடுவம்."

நாயே என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். உவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? நானும் அவளைச் சைக்கிளில் ஏற்றினவன்தானே.

ஒக்ரோபர் 19

பண்டத்தரிப்புக்குப் போனேன். பத்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கைத்தொலைபேசியில் பாட்டைப் போட்டேன். கத்தியைப் பிடித்தபடியே கேட்டாள். மூன்றாவது நிமிடம் வந்தது, ஏறியது, அறுந்தது.

"இதுக்கோ நான் விழுந்தனான்?"

இசைத்தட்டில் உன் பேரையும் போடச் சொல்கிறேன் என்றேன். பெரிய கொடைவள்ளல் நான்!

"பேர் வேண்டாம். நான் விழுந்ததை ஊருலகம் இருந்து ரசிக்கவும் வேண்டாம். அந்தத் துண்டை வெட்டச் சொல்லுங்கோ." பிறகு மீனைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நொந்ததோ எண்டு ஒருக்காலும் நீங்கள் கேக்கேல்லை."

முப்பத்திரண்டு வருடம். அப்போதும் நான் கேட்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.

ஒக்ரோபர் 20

"அந்த இடம் இல்லாட்டி இசைத்தட்டே இல்லை அங்கிள்" என்கிறான் நிருஷன். "அப்ப இல்லை" என்றேன். இணையத்திலிருந்தும் எடுக்கச் சொன்னேன். எடுப்பானோ தெரியாது.

லண்டன் போச்சு. கவலையாக இருக்கிறது. அதற்குக் கவலைப்படுகிற என்னைப் பார்க்கத்தான் இன்னும் அருவருப்பு.

ஒக்ரோபர் 26

விரதத்தின் ஐந்தாம் நாள். இந்த வருடம் நானும் பிடித்தேன், வெறும் தண்ணீரோடு. மத்தியானம் பண்டத்தரிப்புக்குச் சைக்கிளில் வெளிக்கிட்டேன். அளவெட்டி தாண்டுவதற்குள் காது அடைத்துக் கண் இருட்டியது. இறங்கி, யாருடையதோ ஒரு மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மிச்சத் தூரம் முழுக்கச் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போனேன்.

பத்மா செம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். அவளும் விரதம்தான்.

"குடிச்சிட்டுக் கதையுங்கோ."

குடிக்கவில்லை. "நொந்ததோ பத்மா?" என்று கேட்டேன்.

புருவத்துத் தழும்பைத் தடவினாள். "ஓம் அண்ணை. சரியா நொந்தது."

நான் பாதி குடித்ததும் செம்பை வாங்கி, "உங்களுக்கும் தலை சுத்துதோ?" என்று கேட்டு மிச்சத் தண்ணீரை என் தலையில் ஊற்றினாள்.