காரணப் பெட்டிக்கு ஓடும் கர்சர்

வானிலை நிலையம், செவ்வாய்க் கிரகம்
பதிவு செய்பவர்: ஆவுடையப்பன், மென்பொருள் பொறுப்பு

நாள் 212, காலை 08:10

காற்றழுத்தம் சரி. நீர் மறுசுழற்சி சரி. நிலையத்தில் இருவர்: நானும் நிலவியலாளர் எஸ்தர் ஜெபராணியும். எஸ்தர் நாகர்கோவில்காரர். முனைவர் பட்டமும் உண்டு, டைப்ரைட்டிங் ஹையரும் உண்டு. அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வது இரண்டாவதை.

இன்று ஒரு மேம்பாடு செய்தேன். வெளிக்கதவைத் திறக்கும் கணினிப் பக்கத்தில் இரண்டு பெட்டிகள் உள்ளன. மேலே, திறப்பதற்கான காரணம். கீழே, வெளியே நிற்பவரின் விண்வெளி உடுப்பு மணிக்கட்டில் காட்டும் பதினோரு இலக்கக் குறியீடு; அதை அவர் வானொலியில் சொல்ல, உள்ளே இருப்பவர் அடிக்க வேண்டும். காரணத்தை யாரும் ஒழுங்காக நிரப்புவதில்லை என்று பூமித் தலைமையகம் சுற்றறிக்கை விட்டிருந்தது. ஜாவாஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தேன். இனிப் பக்கம் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் கர்சர் தானாகக் காரணப் பெட்டியில் போய் நிற்கும். கூடவே இன்னொரு வரி: கர்சர் எந்தப் பெட்டிக்குள் நுழைந்தாலும், முதல் விசையைத் தட்டியதுமே உள்ளே இருக்கும் பழையது அழிந்துவிடும். பயன்படுத்துவோரின் வசதிக்காக.

பக்கம் நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. சோதித்தேன். வேலை செய்கிறது.

நாள் 214, காலை 11:30

இண்டர்காமில் எஸ்தரின் புகார். வார்த்தை மாறாமல் பதிகிறேன்:

"அண்ணாச்சி, நான் அடிச்சிட்டு இருக்கையிலேயே ஒங்க கர்சர் ஓடிப்போவுது. கதவ எதுக்குத் தெறக்கன்னு கேட்டா, 'எழுவத்திரண்டு முப்பத்தாறு'ன்னு காரணம் போய்க் கெடக்கு. பூமியில இருக்கவன் நமக்குப் பைத்தியம் புடிச்சிட்டுன்னு நெனைக்கப்போறான்."

திரையைப் பார்த்து அடிக்கும்படி சொன்னேன். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் கற்றவர்கள் தாளை மட்டுமே பார்ப்பார்கள். எழுத்து எங்கே விழுகிறது என்று நிமிர்ந்து பார்ப்பது அவர்களுக்கு மானக்கேடு.

"பாத்துப் பாத்து அடிக்கதுக்குப் பேரு டைப்பிங் இல்ல அண்ணாச்சி, குத்துறது."

நான் இரண்டு விரலால் அடிப்பவன். புகாரை மூடினேன். வகை: பயனரின் பழக்கம்.

நாள் 219, பிற்பகல் 14:05

புழுதிப் புயல். சூரியத் தகடுகளைத் துடைக்கப் போன எஸ்தர் வெளிக்கதவுக்குத் திரும்பிவிட்டார். நாற்பது நிமிடத்துக்குக் காற்று இருக்கிறது.

கதவை என்னால் திறக்க முடியவில்லை.

புயலின்போது அழுத்த அளவுகளை உடனுக்குடன் காட்டுவதற்காகப் பக்கம் மூன்று விநாடிக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். இது எனக்குத் தெரியும். அந்த வேகத்தில் சோதிக்கத் தோன்றவில்லை. நாலு இலக்கம் அடிப்பதற்குள் கர்சர் காரணப் பெட்டிக்கு ஓடிவிடுகிறது. டேப் விசையைத் தட்டிக் கீழே திரும்பினால், அடுத்த தட்டில் அந்த நாலும் அழிகின்றன. என் முதல் வரி கர்சரை இழுத்துப்போகிறது, இரண்டாவது வரி அடித்ததை அழிக்கிறது. தனித்தனியே இரண்டும் நல்ல வரிகள்.

வேறெங்காவது அடித்து வைத்து, நகலெடுத்து ஒட்டலாமே என்று கேட்பீர்கள். பாதுகாப்புக்காக ஒட்டுவதைத் தடுத்தவனும் நானே. கையால் சுற்றும் சக்கரம் ஒன்று கதவில் இருந்தது. காரணம் எழுதாமல் திறக்க அது வழி செய்கிறது என்று சென்ற ஆண்டு கழற்றச் சொன்னார்கள். கழற்றினோம்.

பதற்றத்தில் அரைகுறை எண்ணோடு மூன்று முறை அனுப்பிவிட்டேன். பக்கம் பத்து நிமிடத்துக்குப் பூட்டிக்கொண்டது. அதனால்தான் எழுத நேரம் இருக்கிறது. இந்தப் பதிவுப் பக்கம் நான் செய்ததல்ல. எனவே நன்றாக வேலை செய்கிறது.

வரியைச் சேர்க்க அனுமதி தேவையில்லை; அந்த இரண்டு வரிகளையும் நீக்கத் தலைமையகத்தின் அனுமதி வேண்டும். கோரிக்கை அனுப்பிவிட்டேன். பதில் வர அரை மணி நேரம் ஆகும்.

14:19

இரண்டாவது பூட்டு. எட்டு இலக்கம் வரை போனேன்.

கர்சர் ஏன் ஓடுகிறது என்று எஸ்தர் வானொலியில் கேட்டார். ஓடும்படி எழுதியவன் நான்தான் என்றேன்.

"அன்னைக்கே சொன்னேம்லா."

அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"சரி, குத்தாதீங்க. பத்து விரலையும் வைங்க. கீயப் பாக்காதீங்க, திரையையும் பாக்காதீங்க. எங்க இன்ஸ்டிடியூட்ல பாட்டுப் போட்டு, தாளத்துக்கு அடிக்கச் சொல்லுவாவ. நான் தாளம் போடுகேன். நாலு, பூஜ்யம், ஏழு... அந்த விரல் இல்ல அண்ணாச்சி, சத்தத்துலயே தெரியுது. பக்கத்து விரலு."

பூட்டிய பக்கத்தின் முன் உட்கார்ந்து, மேசை மீது வெறும் விரல்களால் பழகுகிறேன். குறியீடு மனப்பாடமாகிவிட்டது.

14:36

தலைமையகத்தின் பதில்:

"தங்கள் கோரிக்கை கிடைத்தது. காரணம் என்ற இடத்தில் '219' என்று உள்ளது. தகுந்த காரணத்துடன் மீண்டும் விண்ணப்பிக்கவும்."

அது நான் அடித்த நாள் எண். கோரிக்கைப் பக்கத்திலும் அதே வரிகளைச் சேர்த்திருந்தேன். நல்ல வசதி எல்லாப் பக்கத்திலும் இருக்கட்டும் என்று.

மூன்றாவது பூட்டு. பத்து இலக்கம்.

எஸ்தர் இப்போது எண்களைச் சொல்வதில்லை. உடுப்பின் கையால் கதவில் தட்டுகிறார். தாளம் மட்டும். இடைவெளி கூடிக்கொண்டே போகிறது.

14:47

தட்டுவது நின்றுவிட்டது. வானொலியில் அழைத்தேன். பதில் இல்லை.

கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். பதினொன்றும் விழுந்தன. குறியீடு ஏற்கப்பட்டது.

உடனே கீழே சிவப்பு எழுத்து: காரணம் நிரப்பப்படவில்லை.

கர்சர் அங்கேதான் நின்றது. 'புழுதிப் புயலில் சிக்கிய நிலவியலாளர்' என்று தொடங்கினேன். மூன்று விநாடியில் அழிந்தது. 'பக்க வடிவமைப்பில் ஏற்பட்ட' என்று தொடங்கினேன். அழிந்தது. 'தவிர்க்க இயலாத' என்று தொடங்கினேன். அதுவும் போனது, அது போனதில் நியாயம் இருக்கிறது. மூன்று விநாடிக்குள் அடித்து அனுப்பக்கூடிய காரணம் ஒன்றுதான் மிஞ்சியது.

'நான்' என்று அடித்தேன். ஏற்கப்பட்டது. வெளிக்கதவு திறந்தது.

எஸ்தர் இரண்டு கதவுகளுக்கும் நடுவே உள்ள இடைக்கூடத்துக்குள் சரிந்து விழுந்தார். வெளிக்கதவு மூடிக்கொண்டது. உள்ளே காற்று நிரம்ப இரண்டு நிமிடம் ஆகும். அதுவரை இதை எழுதுகிறேன், வேறு எதையும் செய்யக் கை வரவில்லை. கண்ணாடி வழியே தெரிகிறார். தலைக்கவசம் கழற்றப்படவில்லை. அதை நான் போய்த்தான் கழற்ற வேண்டும்.

காற்று நிரம்பிவிட்டது. உள்கதவுக்குத் தனிப் பக்கம், தனிக் குறியீடு. புதிய எண் அவர் மணிக்கட்டில் ஒளிர்கிறது. ஏழு இலக்கம் தெரிகிறது. மற்றவை உடம்புக்கு அடியில் இருக்கின்றன. எஸ்தர், கையைத் திருப்புங்கள் என்று ஒலிபெருக்கியில் கத்துகிறேன். விரல் அசைந்தது. அசைந்தது என்றுதான் நினைக்கிறேன்.

பக்கம் திறந்துவிட்டது. கர்சர் காரணப் பெட்டியில் நிற்கிறது. எட்டாவது இலக்கம் தெரிகிற—