நீல அட்டையில் வெள்ளை எழுத்து

என் செல்ல வாலுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது, என் மானத்துக்குத்தான் கொஞ்சம் சுகமில்லை. நீயும் மாப்பிள்ளையும் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள்தானே? உன் நாத்தனார் ஃபோன் போட்டுச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், திட்டுவதாக இருந்தால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

கம்ப்யூட்டரில் வாழ்த்து அட்டை செய்ய நீ சொல்லிக்கொடுத்தாயே, எல்லாம் கற்றுக்கொண்டேன், அழிக்க மட்டும் கற்கவில்லை. ஒரு தடவை எழுத்தை அழிக்கப் போய் ரோஜாக்கொத்துப் படமும் கூடவே போய்விட்டது, அன்று பிடித்த பயம். அதனால் வேண்டாத எழுத்தை வெள்ளை நிறமாக்கிவிடுவேன், வெள்ளைத் தாளில் வெள்ளை யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது? எழுத்து எப்படி விழுகிறது என்று பார்க்க வாய்க்கு வந்ததை அடிப்பேன், அப்புறம் வெள்ளையாக்கி மறைப்பேன். உன் மாமியார் பிறந்தநாள் அட்டையிலும் அப்படி ஒன்று அடித்து மறைத்திருந்தேன். கெட்டித் தாள், மை தீர்ந்த பேனாவால் கோடு கீறி மடித்தது, ஓரத்தில் மெல்லிய தங்க ரிப்பன், கடையில்கூடக் கிடைக்காது. கடைசி நேரத்தில் உன் அப்பா, "சம்பந்திக்கு நீலம்னா உயிராச்சே" என்றார். உடனே தாள் முழுக்க நீலமாக்கி, பிரிண்டர் கக்கியதைக் கண்ணாடிகூடப் போட்டுப் பார்க்காமல் மடித்துக் கட்டி எடுத்துப்போய்விட்டேன். நீலத்தில் வெள்ளை எழுத்து விளக்குப் போட்ட மாதிரி எரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கேக் வெட்டியதும் உன் நாத்தனார் அட்டையைப் பிரித்து எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்தாள். "நூறு வருஷம் நல்லா இருக்கணும்" வரை நன்றாகத்தான் போயிற்று. அதற்குக் கீழே, "சம்பந்தியம்மா சிரிச்சா அன்னைக்கு ஊருக்கே லீவு." கூடமே சிரித்தது. உன் மாமியார் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். உன் அப்பா, நான் யாரோ அவர் யாரோ என்பது போல மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வாயால் அந்த வீட்டில் உனக்கு ஒரு சொல் வந்துவிடுமோ என்றுதான் எனக்குப் பயம்.

மறுநாள் தனியாகப் போய் வெள்ளை எழுத்து விவகாரம் முழுவதையும் ஒப்புவித்து மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "பல்செட்டு சம்பந்தி, வாயைத் திறந்து சிரிச்சா கழண்டுடுது. கர்வம் பிடிச்சவள்னு நினைக்கிறாங்க, நினைச்சுட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்" என்று மெதுவாகச் சொன்னார். பெற்ற மகனுக்குக்கூடத் தெரியாதாம். அந்த அட்டை அவர் மேஜைமேல் இருந்தது, ரிப்பனைத் திரும்ப ஒழுங்காகக் கட்டி வைத்திருந்தார். அதைப் பார்த்ததும்தான் எனக்கு ரொம்பக் கூசிப்போயிற்று. நீயுமா அம்மா அவரைக் கர்வக்காரி என்று நினைத்தாய் என்று கேட்காதே, நான்தான் முதலில் நினைத்தவள்.

உனக்கு மட்டும் சொல்ல அவரிடமே அனுமதி வாங்கியிருக்கிறேன், மாப்பிள்ளை காதில் போடாதே. வாரம் ஒருதரம் நீயே அவரிடம் ஃபோனில் பேசு. நேரத்துக்குச் சாப்பிடு. எழுத்தை மட்டும் தனியாக அழிப்பது எப்படி என்று மறக்காமல் எழுதி அனுப்பு. நீங்கள் இருவரும் மனம் நிறைந்து, வாய் நிறையச் சிரித்து வாழ வேண்டும்.

அன்று நான் கிளம்பும்போது வாசல்வரை வந்த உன் மாமியார், "போன மாசம் எங்க கல்யாண நாளுக்கு ஒரு வெள்ளை அட்டை தந்தீங்களே, அதுல என்ன மறைச்சீங்க?" என்று கேட்டார். அவரிடம் இனிப் பொய் சொல்ல மனம் வரவில்லை. "சம்பந்தி ஐயா குறட்டையைப் பத்தி நாலு வரி" என்றேன். அவர் சிரித்துவிட்டார். பல்செட்டு என் இடது செருப்பில் விழுந்தது. எடுத்துக் கழுவிக் கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இப்படிக்கு,
உன் அம்மா