லேசான தொட்டி

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி இப்போது தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

இங்கே புதுச் சட்டப்படி குப்பையைப் பிரித்து வைத்தால்தான் எடுப்பார்கள். வீட்டுக்கு வீடு எடையும் போடுகிறார்கள். பகலெல்லாம் ஆலையில் ஊரார் குப்பையைப் பிரிக்கிறேன். அறைக்கு வந்தால் பிரிக்க ஒன்றுமில்லை. நேற்று எடை போட வந்தவர், “தெருவிலேயே உங்க தொட்டிதாங்க ரொம்ப லேசு, எப்படிங்க?” என்று கேட்டார்.

“ஒண்டி ஆளுக்கு என்னங்க சேரும்?” என்றேன். தொட்டியில் பாராட்டுச் சீட்டு ஒட்டிவிட்டுப் போனார்.

மகன் சாப்பிடுவதில்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஆலையில் சாப்பாடு உண்டு.

ஆலை வண்டி ஹாரன் அடிக்கிறது. ஒரே ஒரு விஷயம். அடுத்த பார்சலுக்கு பிளாஸ்டிக் வேண்டாம், செய்தித்தாளில் சுற்றுங்கள். கசக்காமல், நாலைந்து தாளாக. மின்தடை அறிவிப்பானாலும் சரி, படிக்க அதில் நம் தெருப் பெயர் இருந்தால் போதும்.

உங்கள் மகன்