திறவாத தீர்ப்புக் கோப்பு குறித்துச் செங்குன்ற மன்னருக்கு விடுத்த ஓலை

வளம் பெருகுக, வாகை நிலைக்க. முத்தாற்றின் வடகரை முழுதும் ஒருகுடைக்கீழ் ஆள்பவரும், பகைவர்க்கு இடியும் புலவர்க்கு மழையுமாக விளங்குபவரும், நாற்பத்திரண்டு பட்டங்களை ஒரு தலையில் தாங்குபவருமான செங்குன்ற நாட்டு மன்னர் வில்லவராயர் திருமுன்பு, தென்கரை வேங்கை நாட்டு மன்னர் அடலேற்றுக் கோமான் ஆணைப்படி ஓலைநாயகம் பொறையன் பணிந்து எழுதியது. தங்கள் குடிகளும் குதிரைகளும் நலமென்று நம்புகிறோம். தங்கள் கணிப்பொறிகள் நலமாயில்லை என்பதை மட்டும் அறிந்தோம்.

தங்கள் திருமகனார்க்கும் எங்கள் இளவரசியார்க்கும் நடக்கவிருக்கும் மணத்தை முன்னிட்டு, தங்கள் தலைநகரில் எழுப்புவதற்கென, தங்கள் திருவுருவும் பட்டங்களும் தாங்கிய ஒரு தோரணவாயிலை எங்கள் அரண்மனை வரைவாளன் கொற்றங்குமரன் மூன்று திங்கள் ஊணுறக்கம் மறந்து வரைந்தான். வரைந்தது வரைகலைச் செயலியின் இருபதாம் பதிப்பில். தங்கள் சிற்பக்கூடத்தில் இருப்பதோ ஒன்பதாம் பதிப்பு. அவனும் கேட்டானில்லை, தங்கள் சிற்பிகளும் சொன்னாரில்லை.

புதிய பதிப்பில் வேண்டாத கோடுகளை ஓர் அடுக்கில் போட்டு மறைத்து வைக்கலாம். பழைய பதிப்போ மறைத்ததையெல்லாம் இழுத்துவந்து சபையில் நிறுத்தும். தான் அறியாத எழுத்துருவைக் கண்டால், எழுத்துக்கொரு வெற்றுக் கட்டம் போட்டுவிட்டு ஒன்றும் நடவாததுபோல் இருந்துவிடும். தங்கள் சிற்பிகள் சொல் தட்டாதவர்கள். திரையில் கண்டதை அப்படியே கருங்கல்லில் வெட்டிவிட்டார்கள். தங்கள் நாற்பத்திரண்டு பட்டங்களும் நாற்பத்திரண்டு வரி வெற்றுக் கட்டங்களாயின. கொற்றங்குமரன் போட்டுப் பார்த்துக் கைவிட்ட மூன்று மீசைகளும் தங்கள் திருமுகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறின. மூக்கு மிகப் பெரிது, பிறகு சரிசெய்ய வேண்டும் என்று அவன் தனக்காக எழுதி வைத்த குறிப்பு மட்டும் பழைய எழுத்துருவில் இருந்தபடியால், ஓர் எழுத்தும் பிழையின்றி முழ உயரத்தில் நிற்கிறது.

விளக்கம் சொல்ல அவனே ஓடிவந்தான். பழைய பதிப்பில் மறுபடி சேமித்து, எழுத்துகளைக் கோடுகளாக மாற்றி அனுப்பியிருக்க வேண்டும், பிழை தன்னுடையதே என்று தங்கள் காலில் விழுந்து விண்ணப்பித்தானாம். தாங்கள் அவனைச் சிறையிலிட்டீர்கள்.

நேற்றுத் தங்கள் தீர்ப்பு வந்தது. அயல்மன்னர் இடும் தண்டனை, குற்றவாளியின் நாட்டு அவையில் வாசிக்கப்பட்ட பின்னரே செல்லும் என்பது நம் இரு நாட்டு உடன்படிக்கை. அம்முறை வழுவாது அனுப்பினீர்கள். ஆனால் பூவேலையும் பொன்விளிம்புமாக ஒன்பதாம் பதிப்பில் வடிவமைத்து அனுப்பினீர்கள். இவ்வளவு பழைய கோப்பைத் தான் அறியேன் என்று எங்கள் இருபதாம் பதிப்பு கைவிரித்துவிட்டது. பொறியை அணைத்து மீண்டும் ஏற்றினோம். கோப்புப் பெயரின் விகுதியை மாற்றினோம். அரண்மனைக் குருக்கள் கற்பூரமும் காட்டினார். தெரிவது கோப்பின் பெயர் மட்டுமே: ‘கொற்றங்குமரன் தலை’. அந்தத் தலைக்குப் பட்டுத் தலைப்பாகையா, வாளா என்பது உள்ளே இருக்கிறது.

இன்று காலை துறைமுகத்து வணிகனொருவன் பழைய பொறி ஒன்றைத் தூக்கிவந்து, அரை நாழிகையில் திறந்து தருவதாகச் சொன்னான். அவை முழுதும் அவனை வாழ்த்தியது. கொற்றங்குமரனின் மனைவி சேந்தி மட்டும் எழுந்துவந்து அப்பொறியின்மேல் குப்புறப் படுத்துக்கொண்டாள். கணவன் கதி என்னவென்று அறிய விருப்பமில்லையா என அமைச்சர் வினவ, வாசிக்காத தீர்ப்பு செல்லாதல்லவா என்று அவள் திருப்பி வினவினாள். எங்கள் மன்னர் அக்கணமே ஓலை கொணரச் சொன்னார்.

ஆகவே மன்னர் பிறப்பித்த ஆணையைத் தங்கள் மேலான கவனத்துக்கு வைக்கிறோம். வேங்கை நாட்டு எல்லைக்குள் ஒன்பதாம் பதிப்புக் கோப்பு எதையும் எவரும் திறக்கலாகாது. வணிகனின் பொறி ஆற்றில் விடப்பட்டது. இப்பதிப்புப் பொருத்தமின்மைக்குத் தீர்வு காண ஓர் ஆய்வுக்குழுவும் அமைத்துள்ளோம். கைதிக்கு வேளாவேளைக்கு உணவு கிடைக்க ஆவன செய்யக் கோருகிறோம். இதன்மேல் வேங்கை இலச்சினை இடப்பட்டது. முகில் உள்ளளவும் இவ்வாணை செல்க.

குழுவின் தலைவி சேந்தி. ஆய்வு முடியக் கொற்றங்குமரனின் ஆயுட்காலம் முழுதும் ஆகுமென்று அவள் எழுத்தில் தந்திருக்கிறாள்.