மீசையை எடுக்கச் சொன்னாயே நைனா

என் ஆசை நைனா,

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. இருக்கும்போது சொல்லாததை இப்போது சொல்கிறேன். அக்கா மேல் எனக்குப் பொறாமை.

காது கேட்காத அவள் உன் வாயசைவைப் படிக்க வேண்டுமென்று, ஊர் ஆண்களெல்லாம் மீசை முறுக்கித் திரிந்தபோது நீ மழித்துக்கொண்டாய். முகத்தில் வெளிச்சம் விழும்படி அவள் எதிரில் உட்கார்ந்துதான் பேசுவாய். பள்ளிக்கூடத்துக்கும் போய், “போர்டைப் பாத்துக்கினு பேசாதீங்க சார், எம் பொண்ணுக்குத் தெரியாது” என்று கெஞ்சினாய். எனக்குக் கிடைத்தது உன் முதுகுதான்.

“என் கல்யாணத்துக்காவது மீசை வையேன் நைனா” என்றேன்.

“உனக்குத்தான் காது கேக்குதே. அவ என்னா பண்ணுவா?”

மீசையில்லாத சம்பந்தி என்று மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். அந்தக் கல்யாணப் போட்டோவை நான் மாட்டவேயில்லை, தெரியுமா?

இப்போது நகரியில் மூன்றாம் வகுப்பு டீச்சர் நான். காது மிஷின் போட்ட கவிதா என்ற பெண் வந்து சேர்ந்தாள். மிஷின்தான் இருக்கிறதே என்று போர்டைப் பார்த்தபடியே கணக்கு நடத்தினேன். உன் மகள் செய்கிற வேலையா இது? போன வாரம் அவள் எழுந்து வந்து, என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். “சத்தம் கேக்குது டீச்சர், பேச்சு புரியல” என்றாள். அக்கா உன் தாடையை அப்படித்தான் திருப்புவாள்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் மழிக்காமல் வளர்ந்துவிட்ட மீசையோடு படுத்தபடி கேட்டாயே, “பெரியவ வந்துக்கினு இருக்கா, மீசைய எடுத்து உடு” என்று. சாகக் கிடக்கும்போதும் அவள்தானா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்காததுபோல் இருந்துவிட்டேன்.

சித்தூரிலிருந்து அக்கா வந்து சேர்வதற்குள் உன் குரல் அடங்கிவிட்டது. எங்கள் இருவரையும் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தாய். எனக்குக் கேட்கவில்லை. பத்து நாள் மீசைக்குள் அவளுக்கும் தெரியவில்லை. அவள் ஒருத்தியால்தான் அதைப் படித்திருக்க முடியும் நைனா. அதில் எனக்கும் ஒரு வார்த்தை இருந்ததா?

இனி கவிதாவுக்கு என் முதுகைக் காட்டமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை சித்தூர் போகிறேன். அக்காவை வெளிச்சத்தில் உட்காரவைத்து, அவள் முகம் பார்த்து, நீ மீசையை எடுக்கச் சொன்னதைச் சொல்லிவிடுவேன்.

உன் முதுகுப் பக்கம் வளர்ந்த,
சின்ன மகள்