பூப்போட்ட பையின் உள்பக்கம்

இதை எழுதும்போது உன் பை என் தோளில் தொங்குகிறது. குனிந்தால் இராமச்ச வேரின் மணம் வருகிறது. பீரோவில் சேலைகளுக்கு நடுவே நீ போட்டு வைப்பாயே, அதே வெட்டிவேர். நீ போய் இத்தனை காலமான பிறகும் உன் மணம் என் மூக்கின் கீழே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

திங்கட்கிழமை காலையில் உன் மகள் ஜெசி இதைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். ஊதாப்பூ போட்ட துணி, நீளமான வார்.

"மாமி, இது அம்மைக்க பை ஆக்கும். ஆப்பரேஷன் களிஞ்சு வந்தப்பம் அம்மையே தச்சது. டப்பாவ இதுல போட்டு தோளுல மாட்டினா நடக்க சொகம் உண்டு."

மார்பில் அறுத்த இடத்திலிருந்து நீர் வடிய ஒரு குழாய், அதன் முனையில் ஒரு டப்பா. உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நான் அதை ஜவுளிக்கடைக் கவரில் போட்டு, சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு திரிந்தேன். வெட்டி எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அக்குளில் எடுத்த நெறிக்கட்டிகளிலும் புற்று பரவியிருக்கிறதா என்பது அந்த ரிசல்ட் வந்தால்தான் தெரியும். வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள். அதுவரை காத்திருப்பதைத் தவிர எனக்கு வேறு வேலையில்லை. காத்திருக்கவும் எனக்குத் தெரியவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு அது பொங்கி அடுப்பு அணைந்த பிறகு போய்ப் பார்த்தேன். கனடாவிலிருந்து மகன் கூப்பிட்டால்கூட ஆஸ்பத்திரிதான் கூப்பிடுகிறது என்று பதறி எடுத்தேன். ஜெபப் புத்தகத்தைத் திறந்தால் ஒரே வரியில் கண் நின்றது.

வந்தவர்கள் எல்லாம் உன்னைப் போல இருக்கச் சொன்னார்கள். நோயைவிட அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஜெசி இருக்கும்போதே, நம் சபைப் பெண்கள் ஐக்கியத்தில் பாடுகிற சரோஜம் ஒரு சீப்பு நேந்திரம்பழத்தோடு வந்தாள். உட்காருவதற்கு முன்பே தொடங்கிவிட்டாள்.

"அவ எப்பிடி இருந்தா தெரியுமா? ரிசல்ட் வாறது வரைக்கும் ஒரு சொட்டு கண்ணீர் இல்ல. எங்கள சிரிக்க வச்சு வயிறு வேதனிச்சுப் போச்சு. நீங்க எந்நா டீச்சரே, பரீட்ச பேப்பர் திருத்துத மாதிரி மொகத்த வச்சோண்டு இருக்கிய?"

"நான் பேப்பர் திருத்தும்போ பக்கத்துல இருந்து ஆரும் பேசமாட்டாவ" என்றேன்.

"கேட்டியா மக்கா, இதாக்கும் டீச்சரு" என்று ஜெசியைப் பார்த்துச் சிரித்தாள். என் வீட்டில், என் நாற்காலியில் உட்கார்ந்து, என் நோயை விசாரிக்க வந்தவள், உன் கதையைச் சொல்லிவிட்டுப் போனாள்.

பள்ளிக்கூட நாளிலிருந்தே இப்படித்தான். நெய்யாற்றின்கரை கான்வென்டில் கணக்கில் நான் முதல். ஆனால் பரிசளிப்பு நாளில் ஊர்க்காரர்கள் சுற்றி நின்று பார்த்தது உன் தையலை. தையல் சிஸ்டர் துணியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "திருப்பு" என்பார். முன்பக்கத்தை அவர் பார்க்கவே மாட்டார். என் துணியைத் திருப்பினால் முடிச்சும் பிசிறும் தெரியும். உன்னுடையதைத் திருப்பினால் எது முன், எது பின் என்று சிஸ்டரே சற்றுத் தயங்குவார். அன்றைக்குத் தொற்றிய பழக்கம், எந்தத் துணி கைக்கு வந்தாலும் முதலில் பின்பக்கம் பார்ப்பேன். உன் கல்யாணத்துக்கு நீயே தைத்த சட்டையைக்கூடத் திருப்பிப் பார்த்தேன். "எடி, குற்றம் கிட்டிச்சா?" என்று கேட்டுச் சிரித்தாய். கிட்டவில்லை. அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

உனக்கு ஆப்பரேஷன் ஆகி, இதே ரிசல்ட்டுக்கு நீ காத்திருந்தபோது நானும் வந்தேன். வெள்ளறடைச் சாலையில் ஆட்டோவை விட்டு இறங்கினால், உன் வாசல் நிறையச் செருப்புகள். என் கணவர் இறந்தபோதுகூட என் வாசலில் இத்தனை செருப்பு கிடக்கவில்லை என்று எண்ணிக்கொண்டேதான் படியேறினேன். உள்ளே நீ கட்டிலில் சாய்ந்தபடி எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாய்.

"டாக்டரு சொல்லியாரு, எடைய கொறைக்கணுமாம். நான் சொன்னேன், கொஞ்சம் நீங்களே வெட்டி எடுத்துட்டியளே சாரே."

என்னைக் கண்டதும் கையிலிருந்த எதையோ தலையணைக்கடியில் தள்ளினாய். மறுநாளும் அதையே செய்தாய். சரோஜம் காணலாம், பக்கத்து வீட்டுக்காரிகள் காணலாம், சின்ன வயதிலிருந்து உன்னோடு ஒரே பெஞ்சில் இருந்த நான் மட்டும் காணக்கூடாத ஏதோ ஒன்று. வீடு வந்து சேரும்வரை அதுதான் என்னைக் குடைந்தது. உன் ரிசல்ட் நல்லதாக வரவில்லை. அதற்குப் பிறகு நீ ஒளித்ததைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

திங்கட்கிழமை எல்லாரும் போன பிறகு பையை ஜன்னலருகே கொண்டுபோய்த் திருப்பினேன்.

தையல் கோட்டை விட்டு விலகி ஓடியிருந்தது. பிரித்துத் தைத்து, மறுபடியும் பிரித்துத் தைத்ததில் ஊசித் துளைகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. முடிச்சின் மேல் முடிச்சு. ஓரிடத்தில் ஊசி விரலில் ஏறி ஒரு பொட்டு இரத்தம் காய்ந்து பழுப்பாகியிருந்தது. முன்பக்கத்தில் நாடா வைத்து மறைத்திருக்கிறாய். நான் தைத்தது போலவே இருந்தது.

தலையணைக்கடியில் நீ தள்ளியது இதைத்தான். உன்னைச் சுற்றி இருந்த அத்தனை பேரிலும், துணியைத் திருப்பிப் பார்க்கிறவள் நான் ஒருத்திதானே.

நான் அழுதேன் என்று நினைக்காதே. கோபம்தான் வந்தது. கை இப்படி நடுங்க நடுங்க இருந்துகொண்டு, பயமே அறியாதவள் என்ற பெயரையும் நீயே வாங்கிக்கொண்டு போய்விட்டாய். என்னிடம் மட்டும் காட்டியிருந்தால், எனக்குச் சிரிக்க வைக்கத் தெரியாவிட்டாலும், கூட இருந்து பயப்படத் தெரிந்திருக்கும். கோபம் அடங்கியதும் ஜவுளிக்கடைக் கவரை மடித்து வைத்துவிட்டு டப்பாவை உன் பைக்குள் வைத்தேன். அன்றைக்குச் சோறு இறங்கியது.

ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போவதாக எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். வியாழக்கிழமை ஜெசியைக் கூப்பிட்டேன்.

"நாளைக்கு நீ வாறியா?"

"நீங்க விளிக்காட்டாலும் வந்திருப்பேன் மாமி."

காரக்கோணம் ஆஸ்பத்திரியில், டாக்டர் அறைக்கு வெளியே, அவள் டோக்கனை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு கதவுக்கு வெளியே உன்னோடும் அவள் உட்கார்ந்திருந்தவள்தானே. நான் பையின் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே போனதும் டாக்டர் காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நெறிக்கட்டிகள் ஒன்றிலும் பரவவில்லை, மருந்து மட்டும் தொடர்ந்து சாப்பிட வேண்டும் என்றார். ஜெசி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த நேரத்திலும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இப்படியொரு மகளும் உனக்குத்தான் கிடைத்தாள் என்று.

வராந்தாவில் நடக்கும்போது இன்னொன்றும் தோன்றியது. கணக்குப் பரீட்சையை விட்டால், முதல் முறையாக உன்னைவிட நல்ல ரிசல்ட் வாங்கியிருக்கிறேன். வாங்கிய காகிதத்தைக் கொண்டுபோய்க் காட்டத் தோன்றியது உன்னிடம் மட்டும்தான்.

"அம்மை இருந்தா இப்பம் எந்நா சொல்லியிருப்பாவ?" என்று ஜெசி கேட்டாள்.

"பேப்பர நல்லா திருப்பிப் பாத்தியாடின்னு கேட்டிருப்பா."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். உன் சிரிப்பு அது, ஆனால் என் பேச்சுக்கு வந்தது.

குழாயையும் டப்பாவையும் எடுத்துவிட்டார்கள். நர்ஸ் பையைக் கழற்ற வந்தாள். இருக்கட்டும் என்றேன். வீடு வந்தால் கேட்டில் சரோஜம் நின்றிருந்தாள். சேதி கேட்டு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, பையைக் கண்டதும் கையை நீட்டினாள்.

"அவளுக்க கைவேலயா இது? கொள்ளாமே, நல்லாயிருக்கு. இஞ்ச தாருங்க, தையல ஒண்ணு பாக்கட்டு."

"பாத்தது போதும்" என்று பையைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டேன்.

"ஒரு பைக்கு எந்நா பெருமை டீச்சரே" என்று முறுமுறுத்தபடி போனாள்.

பெருமைதான். உன் சிரிப்பை ஊருக்கே கொடுத்துவிட்டுப் போனாய், அதில் எனக்குப் பங்கு குறைவு. ஜெசிக்குத் தையல் தெரியாது, அவள் இதைத் திருப்பிப் பார்த்திருக்க மாட்டாள். உள்பக்கத்தைக் கண்டவள் நான் ஒருத்தி. அதை யாருக்கும் காட்டுவதாக இல்லை. இப்போது உள்ளே ஒன்றுமில்லை, தோளில் இருப்பதே தெரியவில்லை. இன்னும் கழற்றவில்லை.